சுறாவுக்கு ஊற்றிய வெந்நீர்

மீன் துறைமுகத்தில் எனக்கு வெந்நீர்க்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். என் வாய் அப்படி. கிரேன் ஓட்டுபவர் ஒருமுறை தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டு, மூன்று நாள் என் கண்ணில் படாமல் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அப்படிப்பட்ட நான் இப்போது யாராவது கதவைத் தட்டினால்கூடத் தூக்கிவாரிப்போட்டு எழுந்து நிற்கிறேன். எதனால் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

என் வேலை இதுதான். பெரிய கப்பல்கள் நடுக்கடலில் பிடித்து உறையவைத்த சுறாக்கள் எங்கள் துறைமுகத்தில் வந்து இறங்கும். அவற்றின் துடுப்புகள் உடம்போடு சேர்ந்திருக்கின்றனவா என்று நான் பார்க்க வேண்டும். சட்டப் புத்தகத்தில்தான் அது துடுப்பு. இங்கே எல்லோருக்கும் ரெக்கை. விலை ரெக்கைக்குத்தான். உடம்பு சும்மா இடத்தை அடைக்கும். அதனால் முன்பெல்லாம் ரெக்கையை மட்டும் அறுத்துக்கொண்டு சுறாவை உயிரோடு கடலில் தள்ளிவிடுவார்கள். நீந்த முடியாமல் அது அடியில் போய்க் கிடந்து சாகும். அதை நிறுத்தத்தான் சட்டம் வந்தது. ரெக்கையைப் பாதி வெட்டி மடக்கி வைக்கலாம், ஆனால் தோலாவது உடம்பைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ரெக்கை வந்தால் அதன் உடம்பும் கூடவே வர வேண்டும்.

சட்டம் வந்த மறுநாளே தில்லுமுல்லும் வந்துவிட்டது. அறுத்த ரெக்கையை வேறொரு சுறாவின் மேல் வைத்து, தண்ணீர் தெளித்து உறையவைத்தால் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் தெரியாது. நான் கெட்டிலில் வெந்நீர் கொண்டுபோய் ரெக்கையின் மூட்டில் ஊற்றுவேன். தோல் இருந்தால் ரெக்கை தொங்கும். ஒட்டவைத்ததாக இருந்தால் தொப்பென்று விழும். விழுந்தால் தொலைந்தார்கள். மீன் பறிமுதல். அது மட்டுமில்லை, மீனைப் பிடித்த கப்பல் பதினைந்து நாளுக்குள் எல்லா ஆட்களோடும் கரைக்கு வந்தே ஆக வேண்டும்.

கரைக்கு வருவது என்றாலே இந்தக் கப்பல்காரர்களுக்கு வேப்பங்காய். சரக்குக் கப்பல் ஒன்று நடுக்கடலுக்கே போய், எண்ணெயும் சாப்பாட்டுச் சாமானும் கொடுத்துவிட்டு மீனை ஏற்றிக்கொண்டு வந்துவிடும். மீன்பிடிக் கப்பல் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று அங்கேயே கிடக்கும். அதில் உள்ள ஆட்களும் கிடப்பார்கள்.

அப்படி ஒரு கப்பலில் என் தம்பி இருக்கிறான்.

எட்டு மாத ஒப்பந்தம் என்று போனான். இது பத்தொன்பதாவது மாதம். குளிர் அறையில் மீனை அடுக்கி வைக்கிற பொறுப்பு அவனுடையது. போகும்போது அவன் மனைவி வாயும் வயிறுமாக இருந்தாள். இப்போது குழந்தை நடந்து வந்து என் செருப்பை எடுத்து வாயில் வைக்கிறது. அவன் அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கப்பலில் எல்லோருடைய போனையும் கேப்டன் வாங்கிப் பூட்டிவிட்டார் என்று அதே கப்பலில் ஆள் இருக்கிற வேறொரு வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஐந்து மாதமாக ஒரு தகவல் இல்லை. என் வீட்டில்தான் இருக்கிறாள் தம்பி மனைவி. தினமும் நான் வேலை முடிந்து வந்து பையைக் கீழே வைப்பதற்குள், ஏதாவது தெரிந்ததா அண்ணி என்று கேட்பாள். தெரிந்தால் சொல்ல மாட்டேனா என்று எரிந்து விழுவேன். எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். பாவம், அது அவளுக்குப் பழகிவிட்டது.

அன்றைக்குக் காலையில் சரக்குக் கப்பல் ஒன்று வந்தது. அதன் காகிதங்களில் மூன்று மீன்பிடிக் கப்பல்களின் பெயர் இருந்தது. மூன்றாவது பெயர் தம்பியின் கப்பல்.

சொந்தக்காரர் யாராவது கப்பலில் இருந்தால் அலுவலகத்தில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அது விதி. நான் சொல்லவில்லை. திருட்டுத்தனம் செய்ய வேண்டும் என்று இல்லை, சத்தியமாக இல்லை. ஐந்து மாதமாகக் குரலைக்கூடக் கேட்காதவன் தன் கையால் அடுக்கி அனுப்பியது. அதை இன்னொருத்தன் போய்த் தொடுவதா? நானே பார்க்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

இறக்கிய மீனைச் சோதிக்கிற கூடம் ஒரு பெரிய குளிர்பெட்டி. உள்ளே மூச்சு விட்டால் புகை வரும். போர்க்லிப்ட் ஓட்டுநர் தம்பி கப்பல் சரக்கின் முதல் அடுக்கைக் கொண்டுவந்து வைத்தார். மேல் வரிசையில் பத்துச் சுறா, விறைத்த கட்டைகளாகக் கிடந்தன. நான் கெட்டிலைத் திறக்கவே இல்லை. கையுறையோடு முதல் சுறாவின் ரெக்கையைப் பிடித்தேன், கையோடு வந்துவிட்டது.

இரண்டாவதைத் தொட்டேன், அதுவும் வந்தது. ஒழுங்காகத் தண்ணீர் தெளித்து ஒட்டக்கூட இல்லை. ரெக்கை பெரிய சுறாவுடையது, உடம்பு அதில் பாதி. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அடப் பாவி, செய்வதுதான் செய்தாய், இப்படியா செய்வாய், அதுவும் மேல் வரிசையிலேயா வைப்பாய் என்று மனசுக்குள் அவனைத் திட்டினேன். குளிர் அறைக்குப் பொறுப்பு அவன் என்பதால் முதல் கேஸ் அவன் மேல்தான் விழும். இந்த மாதிரி விவகாரங்களில் கேப்டன்கள் மாட்டியதே கிடையாது.

ரெக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேயறைந்த மாதிரி நின்றேன். பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

கப்பல் கம்பெனியின் ஏஜென்ட். எப்போதும் வாயில் ஒரு பல்குச்சி இருக்கும். பேசும்போது அது உதட்டின் ஓரத்தில் மேலும் கீழும் ஆடும். அதனால் அவர் பெயரே பல்குச்சி. நான் பிடித்திருந்ததை அவர் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நல்லா இருக்கீங்களா மேடம் என்று விசாரித்தார். வீட்டில் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். என் வீட்டில் குழந்தை இருப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று நினைக்கும்போதே, உங்கள் தம்பி கொடுத்த காகிதத்தில் அவசரத்துக்கு உங்கள் பெயர்தான் இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார்.

பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“தம்பி நல்ல வேலைக்காரர். அங்க கடல்தான் இப்ப கொஞ்சம் மோசம். போன மாசம் எங்க இன்னொரு கப்பல்ல ஒருத்தர் வழுக்கி விழுந்துட்டார் மேடம். பட்டப்பகல்ல. யாரும் பாக்கல. கடல்கிட்ட போய் யாரு கேக்கறது?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். மிரட்டினார் என்று நான் எங்கே போய்ச் சொன்னாலும் நிற்காது. வானிலையைப் பற்றித்தானே பேசினார்.

யாரையும் நான் விட்டதில்லை. அமைச்சர் வீட்டு ஆள் என்று சொல்லிக்கொண்டு வந்தவனையே வெளியே போய் வரிசையில் நில் என்றவள் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. தம்பி கப்பலின் மேல் தளத்தில் நிற்கிறான், பின்னால் ஒருவன் நிற்கிறான். அதற்கு மேல் என்னால் எதையும் நினைக்க முடியவில்லை.

எங்கள் விதிப்படி ஒரு அடுக்கில் எந்தப் பத்துச் சுறாவை வேண்டுமானாலும் நான் தேர்ந்தெடுத்துச் சோதிக்கலாம். மேல் வரிசையை இறக்கித் தள்ளி வைக்கச் சொன்னேன். கீழே இருந்து பத்தை எடுத்து வெந்நீர் ஊற்றினேன். பத்திலும் ரெக்கை தொங்கியது, ஒன்றுகூட விழவில்லை. அடுத்த அடுக்கிலும் அப்படியே. மேலே இருந்தது மட்டும் போலி, கீழே எல்லாம் சுத்தம். இது என்ன கூத்து, திருடுகிறவன் எவனாவது திருட்டுப் பொருளை மேலே வைப்பானா என்று அப்போதே என் புத்தியில் உறைத்திருக்க வேண்டும். பயம் வந்தவளுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்? போர்க்லிப்ட் ஓட்டுநர் எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினேழு வருஷத்தில் முதல்முறையாகப் பொய்யான சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். ஆனால் தம்பி பிழைத்தான் என்று நினைத்ததும் போன உயிர் திரும்பி வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது நாள் பல்குச்சியிடமிருந்து தகவல் வந்தது. தம்பியோடு பேச வைக்கிறேன், வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். எனக்கான பரிசு அது. தம்பி மனைவிக்குக் கை கால் ஓடவில்லை. இருந்ததிலேயே நல்ல சட்டையைக் குழந்தைக்குப் போட்டாள், போனில் சட்டை தெரியாது என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.

ஏஜென்ட் அலுவலகம் மாடியில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, நாலு நாற்காலி, சுவரில் மூன்று கடிகாரம், மூன்றும் வேறு வேறு நேரம். மேசை மேல் தடியான ஒரு போன், கப்பலோடு பேசுவதற்கு. அவரே எண்ணை அழுத்தி, யாரிடமோ நாலு வார்த்தை பேசிவிட்டு, தம்பி மனைவியிடம் கொடுத்தார். அவள் பேசினாள் என்று சொல்ல முடியாது. அழுதாள், சிரித்தாள், குழந்தையின் வாயில் போனை வைத்தாள். குழந்தை போனை நக்கியது. பிறகு போன் என்னிடம் வந்தது.

அவன் குரல் மெலிந்திருந்தது. நான் அவன் சாப்பிட்டானா என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவன் கேட்டான்.

“அக்கா, சரக்கு வந்துச்சா?”

“வந்துச்சுடா. எல்லாம் இறக்கியாச்சு.”

“யாரு பாத்தா?”

“நான்தான். ஒரு பிரச்சினையும் இல்ல, பாஸ் போட்டுட்டேன். நீ எதுக்கும் பயப்படாத.”

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. தொடர்பு போய்விட்டது என்று நினைத்தேன்.

“நீயே பாத்தியாக்கா?”

“ஆமாடா.”

“நல்லதெல்லாம் கீழ வச்சிட்டு, அதை மட்டும் மேல வச்சேனேக்கா. நீ வருவ, பாப்பன்னுதான் வச்சேன்.”

அவ்வளவுதான். போனை யாரோ அவன் கையிலிருந்து வாங்கினார்கள், அல்லது அவனே கொடுத்துவிட்டான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கள்ள ரெக்கையை அடியில் ஒளித்து வை என்று அவனிடம் சொல்லியிருப்பார்கள். அவன் வேண்டுமென்றே மேலே வைத்தான். வேண்டுமென்றே ஒட்டாமல் வைத்தான். பிடிபட்டால் தன் மேல் கேஸ் வரும் என்று அவனுக்குத் தெரியாதா? ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை, கப்பல் கரைக்கு வந்தால் போதும் என்ற நிலைமையில் இருந்திருக்கிறான். என் அக்கா கெட்டிலோடு வருவாள், அவள் கண்ணுக்குத் தப்பாது என்று என்னை நம்பியிருக்கிறான். நான் அவன் உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவன் திறந்து வைத்த கதவை இழுத்துச் சாத்திவிட்டேன். என்னைத் தவிர வேறு எந்தச் சோம்பேறி அந்த இடத்தில் நின்றிருந்தாலும் பிடித்திருப்பான்.

தலை நிமிர்ந்தால் பல்குச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் குச்சி ஆடவில்லை. அந்தப் போனின் சத்தம் பெரிது. அவருக்கு எவ்வளவு கேட்டது?

“என்ன சொன்னார் தம்பி?”

“பாப்பாவுக்கு எத்தன பல்லு வந்திருக்குன்னு கேட்டான்” என்றேன்.

எத்தனை என்று கேட்டார். ஆறு என்றேன். தலையாட்டினார். போனைக் கைக்குட்டையால் துடைத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். நம்பினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படி இறங்கினோம். குரல் கேட்ட சந்தோஷத்தில் தம்பி மனைவி குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே வந்தாள். பல்குச்சிக்குக் கேட்டிருந்தால், இனி தம்பி அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து. கேட்காவிட்டாலும் அவன் அங்கேயேதான் கிடப்பான். அவளை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேராக அலுவலகத்துக்கு நடந்தேன். வழியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

எங்கள் பெரிய அதிகாரிக்கு என் அம்மா வயது இருக்கும். வாயில் இருமல் மிட்டாய் இல்லாமல் பார்க்க முடியாது. நான் உட்காரவில்லை. பொய்ச் சான்றிதழ் கொடுத்துவிட்டேன், மீன் இன்னும் குளிர் கிடங்கில்தான் இருக்கிறது, மேல் வரிசைகளைத் திறந்து பாருங்கள், கப்பலைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். தம்பியைப் பற்றியும் சொன்னேன். அவர் மிட்டாயைக் கடித்து விழுங்கினார்.

“மொதல்லயே தம்பின்னு சொல்லியிருந்தா உன்ன அனுப்பியிருக்கவே மாட்டேனேம்மா.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சொல்லியிருந்தால் தம்பி இந்நேரம் கிளம்பி வந்துகொண்டிருப்பான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அலுவலகத்தில் நான் அழுது யாரும் பார்த்ததில்லை.

ஒரு மணி நேரத்தில் கிடங்கைத் திறந்தார்கள். மேல் வரிசைகளில் இருந்த ரெக்கைகள் தொட்டதும் விழுந்தன. போர்க்லிப்ட் ஓட்டுநர் தானாக முன்வந்து, அன்றைக்கே பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு அங்கேயே தற்காலிகப் பணிநீக்கம். விளக்கம் எழுதச் சொன்ன காகிதத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. பயம் என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

கப்பலுக்கு உத்தரவு போனது. பதினைந்து நாளுக்குள் வர வேண்டும். பெரிய அதிகாரி அதில் ஒரு வரியைத் தாமாகச் சேர்த்தார். பட்டியலில் உள்ள இருபத்திரண்டு பேரும் உயிரோடு, நேரில், எங்கள் முன்னால் இறங்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் கேப்டன் மேல் கொலை வழக்குக்குப் பரிந்துரை செய்வோம். இதைவிட அதிகமாக என்னால் எதுவும் செய்ய முடியாதும்மா என்றார். மேல் வரிசையில் யார் வைத்தது என்று உத்தரவு கிடைத்ததும் கேப்டனுக்கும் தெரிந்துவிடும். கூப்பிட்டாலும் பயம், கூப்பிடாவிட்டாலும் பயம். கூப்பிட்டால் அவன் வருவதற்கு ஒரு வழியாவது இருக்கிறது.

முதல் மூன்று நாள் கப்பல் இருந்த இடத்திலேயே நின்றது. நான்காம் நாள் அதன் இருப்பிடத்தைக் காட்டும் கருவி அணைந்துவிட்டது. ஏழு மணி நேரம் அலுவலகத் திரையில் கப்பலின் புள்ளியே இல்லை. அந்த ஏழு மணி நேரமும் நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். தம்பி மனைவியிடம் இடுப்பு வலி என்றேன். அவள் தைலம் கொண்டுவந்து தேய்த்துவிட்டாள். பிறகு புள்ளி மறுபடியும் வந்தது, எங்கள் பக்கமாகத் திரும்பியிருந்தது. கருவி பழுதாகிவிட்டது என்று கேப்டன் சொன்னாராம். எனக்கு அந்த ஏழு மணி நேரத்தை விட்டு மனசு நகரமாட்டேன் என்கிறது.

இன்றைக்குப் பதினோராவது நாள். பெரிய அதிகாரி தினமும் சாயங்காலம் அந்தத் திரையைப் படம் எடுத்து என் போனுக்கு அனுப்புகிறார். பணிநீக்கத்தில் இருப்பவளுக்கு அனுப்பக் கூடாது, ஆனாலும் அனுப்புகிறார். தம்பி மனைவிக்கு அவன் வருகிறான் என்பது மட்டும்தான் தெரியும். அவனுடைய சட்டைகளைத் துவைத்து மடித்துவிட்டாள். குழந்தைக்கு போட்டோவைக் காட்டி அப்பா சொல்லக் கற்றுக்கொடுக்கிறாள். படம் வந்ததும் ஓடிவந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள்.

“இன்னும் எவ்ளோ தூரம் அண்ணி?”

நாலு நாள் என்கிறேன். அவள் விரலால் அந்தப் புள்ளியைத் தொட்டுப் பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். அதில் இருபத்திரண்டு பேர் வருகிறார்களா, இருபத்தொரு பேர் வருகிறார்களா என்று புள்ளியைப் பார்த்தால் தெரியாது.